புதுப்பிப்பு: ஓட்டத்தில் வந்த குதிகால் தசைநாண் வலி குறைந்துவிட்டது

குதிகாலுக்கு மேலே தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நார்) வலிக்கிறது, ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடமா, ஓய்வா என்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஐஸும் ஓய்வும் அன்றைய வலியைத்தான் குறைத்தன, ஓடத் தொடங்கியதும் திரும்பிவிட்டது. பலன் தந்தது ஒருவர் சொன்ன படிக்கட்டுப் பயிற்சி: முன்பாதத்தைப் படி விளிம்பில் வைத்து, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் குதிகாலை மெதுவாக இறக்க வேண்டும். பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு, முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, அப்புறம் லேசாக மடக்கி அதேபோல், காலையும் மாலையும், 12 வாரம் செய்தேன். எதிர்பாராதது, முதல் இரண்டு வாரம் வலி கூடியது. கெண்டைக்கால் தசையும் கடுத்தது, ஆனால் அது இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விட்டது. இப்போது 5 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடுகிறேன், காலையில் எழுந்ததும் முதல் சில அடிகளில் மட்டும் கொஞ்சம் இறுக்கம் மிச்சம்.