ஆப்வியஸ்னா "வெளிப்படை" இல்லீங்க, "எளிதில் எட்டுறது"

ஐயா, வணக்கம்.

நீங்க அனுப்பின பேட்டன்ட் கலைச்சொல் பட்டியல் முழுசும் பாத்தேன். மத்ததெல்லாம் அப்படியே எடுத்துக்கலாம், ஆப்வியஸ்னெஸ்க்கு (துறை தெரிஞ்சவன் எவனும் தானா வந்து சேரக்கூடியதுக்கு பேட்டன்ட் கிடையாதுங்கறாங்களே, அந்தத் தன்மை) நேரா "வெளிப்படைத்தன்மை"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. அந்தச் சொல்ல நிர்வாகத்துக்காரங்க எப்பவோ எடுத்துக்கிட்டாங்க, டெண்டர்ல வெளிப்படைத்தன்மை, நன்கொடையில வெளிப்படைத்தன்மைன்னு தினம் பேப்பர்ல வருது. அது கூட பரவால்ல, ஒரே சொல்லு ரெண்டு துறையில ரெண்டு விதமா வாழலாம். ஆனா பேட்டன்ட்டுக்குள்ளயே "வெளிப்படுத்தல்"னு ஒன்னு இருக்கே, கண்டுபிடிச்சவர் தன் வேலைய ஒளிக்காம முழுசா எழுதிக் காட்டணும்ங்கிற கடமை. உங்க சொல்ல வச்சு ஒரு நிராகரிப்பு வாக்கியம் எழுதிப் பாத்தேன்: "விண்ணப்பதாரர் வெளிப்படுத்தியுள்ள அமைப்பு வெளிப்படையாக இருப்பதால் நிராகரிக்கப்படுகிறது." படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஒழுங்கா சொன்னதுக்கா தண்டனைன்னுதான் கேப்பான்.

இது மேலோட்டமான சண்டைதான். பெரிய சிக்கல் உள்ள இருக்கு. வெளிப்படை, கண்கூடு, வெள்ளிடைமலை, உள்ளங்கை நெல்லிக்கனி, இது எல்லாமே பார்வையச் சேர்ந்த சொல்லு, கண்ணு முன்னால ஏற்கனவே இருக்கற பொருளப் பத்திப் பேசுது. சட்டம் கேக்கறது அத இல்ல. விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னால, அந்த டிசைன பாக்கவே பாக்காத ஒரு ஆளு, அன்னிக்கு வரைக்கும் வெளிவந்த பேப்பர், பேட்டன்ட் எல்லாம் மேசையில பரப்பி வச்சிருக்கான், அவன் தானா இந்த இடத்துக்கு வந்து சேந்திருப்பானா, இதுதான் கேள்வி. விடைய சொன்னப்புறம் எந்த விடுகதையும் சப்புன்னுதான் இருக்கும், அந்த மயக்கத்துல விழக்கூடாதுன்னு கோர்ட்டுங்க திரும்பத் திரும்ப எச்சரிக்குது, நாம என்னடான்னா அந்த மயக்கத்தையே கலைச்சொல்லா வைக்கப் பாக்கறோம்.

சும்மா சொல்லல, நான் ஒரு உதாரணத்தப் போட்டுப் பாத்துட்டுத்தான் வரேன். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பேசற ஒரு கையடக்க வயர்லெஸ் கருவி, அதுக்குக் கவசம், அதாவது ரேடியோ அலை கசியாம தடுக்கற உறை, போடற டிசைன்னு வச்சுக்குவோம் (கற்பனைதான், யாரோட விண்ணப்பமும் இல்ல). கோரிக்கை, அதாவது எதுக்கெல்லாம் உரிமை கேக்கறாங்கங்கிற கிளெய்ம், மூணு. ஒன்னு, போர்டு மேல சால்டர் பண்ற தகர மூடிய எடுத்துட்டு பிளாஸ்டிக் கூட்டோட உள்பக்கம் மின்சாரம் கடத்தற பெயின்ட் அடிக்கிறது. ரெண்டு, அந்தப் பெயின்ட்ட சுத்திவர சின்னச் சின்ன ஸ்பிரிங் வச்சு போர்டோட கிரவுண்டுல சேக்கறது. மூணாவதுதான் விவகாரம், பெயின்ட்ல வேணும்னே 6 செ.மீ. சொச்சத்துக்கு ஒரு கீறல் விட்டு அந்தக் கீறலையே ஆன்டெனாவா வேலை செய்ய வைக்கிறது, தனி ஆன்டெனாவே கிடையாது.

முதல் கோரிக்கைக்கு ரொம்ப யோசிக்க வேணாம். ஃபாரடே 1836லயே ஒரு அறை முழுக்க உலோகத் தகட்ட ஒட்டி சோதிச்சுக் காட்டிட்டார், கவசம் மெல்லிசா இருந்தாலும் போதும்னு எல்லாருக்கும் தெரியும், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல செம்புக்குள்ள 1.3 மைக்ரான் போறதுக்குள்ளயே அலை சுமார் 37 சதவீதமா சுருங்கிடுது. அப்ப தகரத்துக்குப் பதிலா பெயின்ட்டுங்கிறது வெறும் பொருள் மாத்தறதுதான். அமெரிக்காவுல 1851ல கதவுக்குமிழ் கேஸ் ஒன்னு வந்துச்சு, ஹாட்ச்கிஸ் வழக்கு, மரத்துலயும் உலோகத்துலயும் பண்ணிட்டு இருந்த குமிழ களிமண்ணுல பண்ணினா அது கண்டுபிடிப்பா, சாதாரண மெக்கானிக்கோட கைவேலையான்னு. கைவேலைதான்னு சொல்லிட்டாங்க. நம்ம பெயின்ட்டும் அதே குமிழ்தான். ஸ்பிரிங் கதையும் அப்படியே, 2.4ல அலைநீளம் 12.5 செ.மீ., அதுல இருபதுல ஒரு பங்குக்கு மேல இடைவெளி விடாதேன்னு கவசம் போடற எவனும் சொல்லுவான், அப்ப 6 மி.மீ.க்கு ஒரு ஸ்பிரிங்னு கணக்கு தானா வந்து நிக்குது.

மூணாவதுக்கு வாங்க. கவசம் போடறவனுக்கு கீறல்னா ஜென்மப் பகை. லேப்ல கசிவு தேடற ஆளப் பாத்திருந்தா தெரியும், ஒரு கையில புரோப், இன்னொரு கையில செப்பு டேப்பு, மூடியோட இடுக்கு இடுக்கா டேப்ப ஒட்டறான், எடுக்கறான், எங்க ஒட்டினா அனலைசர் திரையில கசிவக் காட்டற அந்த முள்ளு இறங்குதுன்னு பாத்துட்டு அங்க ஒரு திருகு சேருன்னு எழுதி வைக்கிறான். அலைநீளத்துல பாதி, அதாவது 6 செ.மீ. கிட்ட ஒரு கீறல் அமைஞ்சிட்டா அத விட மோசம் எதுவும் இல்ல, வாயத் திறந்து பாடற மாதிரி அலைய வெளிய வீசும். அந்தப் பகையாளியையே கூப்பிட்டு வீட்டுக்குள்ள வேலைக்கு வச்சா? கேக்க நல்லா இருக்கு, ஆனா அவசரப்பட்டு பேட்டன்ட் குடுத்துராதீங்க, கீறல் ஆன்டெனாங்கிறது 1938லயே பிளம்லைன்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர் பண்ணினது, ஆன்டெனாக்காரங்களுக்கு அது பாலபாடம். ரெண்டு துண்டும் பழசு, சேத்தது மட்டும் புதுசு. இங்கதான் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2007ல கேஎஸ்ஆர் வழக்குல சொன்னது வருது, அது பெடலும் சென்சாரும் சேத்த கேஸு, சாதாரணத் திறமை உள்ள ஆளுக்கு சாதாரணக் கற்பனையும் உண்டு, அவன் இயந்திரம் இல்ல, பல பேட்டன்ட்டுங்கள புதிர்த் துண்டு மாதிரி சேத்துப் பாக்கத் தெரிஞ்சவன்னு. ஐரோப்பாக்காரங்க இன்னும் நுணுக்கமா கேக்கறாங்க, அவனால செஞ்சிருக்க முடியுமாங்கிறது போதாது, செஞ்சிருப்பானா, அப்படிச் செய்ய அவனுக்கு ஏதாவது தூண்டுதல் இருந்துச்சா?

இந்த "முடியுமா / செஞ்சிருப்பானா" வித்தியாசத்த வெளிப்படைங்கிற சொல்லால பிடிக்கவே முடியாது. ஆனா தமிழ்ல இதுக்குன்னே ஒரு வினை இருக்கு, எட்டுறது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்றோமே, அதேதான், கீறல் ஆன்டெனா அவன் கைக்கு எட்டின தூரத்துல 1938லேர்ந்து கிடக்குது, கவசத்துக்குள்ள அத வைக்கணும்னு புத்திக்கு எட்டுச்சா இல்லையா? அதனால என் முன்மொழிவு: ஆப்வியஸ்க்கு "எளிதில் எட்டும்", ஆப்வியஸ்னெஸ்க்கு "எளிதெட்டுமை", நான்-ஆப்வியஸ்னெஸ்க்கு "எட்டாமை".

திட்டறதுன்னா திட்டுங்க.

*

தம்பி,

திட்டறதுக்கு என்ன இருக்கு, வெளிப்படைய நான் திரும்ப வாங்கிக்கறேன். அந்த நிராகரிப்பு வாக்கியத்தப் படிச்சு சிரிச்சுட்டேன். ஆனா உங்க சொல்லயும் அப்படியே விட முடியாது.

முதல்ல "எளிதெட்டுமை". வாய்க்குள்ள சரியா நிக்கல, போதாததுக்கு எட்டுன்னதும் பாதிப்பேரு ஏழுக்கு அடுத்ததத்தான் நினைப்பான், எளிதான எட்டு என்னன்னு தேடுவான். வினையெச்சமோ பெயரெச்சமோ கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தா இந்தக் குழப்பம் வராது, "எளிதில் எட்டும் தன்மை"ன்னு நீட்டியே எழுதுங்களேன், கலைச்சொல்னா ஒரே சொல்லாத்தான் இருக்கணும்னு யாரு சொன்னது?

அடுத்தது "எட்டாமை", இதுதான் ஆபத்து. எட்டாக்கனின்னா யாருக்குமே கிடைக்காதது. நீங்க "எளிதில்"ங்கிறத கழட்டி விட்டுட்டீங்க, இப்ப பேட்டன்ட் வாங்கணும்னா மேதையா இருக்கணும்னு ஆகுது. இந்தத் தப்ப ஒரு தடவ பண்ணிப் பாத்தாச்சு. 1941ல கூனோ வழக்குல, கார்ல வைக்கிற சிகரெட் லைட்டர் கேஸு அது, படைப்பு மேதைமையோட ஒரு மின்னல் வெட்டு இருக்கணும்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் எழுதிடுச்சு. 1952ல புதுச் சட்டம் போட்டப்ப 103ஆம் பிரிவுல அத மாத்தினாங்க, கண்டுபிடிப்பு எப்படி வந்துச்சுங்கிறதப் பாத்து உரிமைய மறுக்கக் கூடாதுன்னு. அதாவது மின்னல் மாதிரி வந்தாலும் சரி, பத்து வருஷம் செப்பு டேப்ப ஒட்டி ஒட்டி வந்தாலும் சரி.

இன்னொன்னு, எட்டும்னா உடனே யாருக்கு எட்டும்னு கேள்வி வருதே. பட்டியல்ல நானே "துறை வல்லுநர்"னு போட்டிருந்தேன், இப்ப யோசிச்சா அதுவும் தப்பு. வல்லுநருக்கு எல்லாமே எட்டும், அப்ப யாருக்கும் பேட்டன்ட் கிடைக்காது. சட்டம் சொல்ற ஆளு நடுத்தரமானவன், தொழில் தெரியும், அவ்வளவுதான். என்ன சொல்லலாம்?

அப்புறம் இந்தியப் பேட்டன்ட் சட்டத்துல "கண்டுபிடிப்புப் படி"ய (இன்வென்டிவ் ஸ்டெப்) விளக்கற 2(1)(ja)வப் பாருங்க, தொழில்நுட்ப முன்னேற்றம் இல்லேன்னா பொருளாதார முக்கியத்துவம், இல்ல ரெண்டும், அதோட அது எளிதில் எட்டாததா இருக்கணும்ங்குது. அதனால "கண்டுபிடிப்புப் படி"யும் இதுவும் ஒன்னு இல்ல, இது அதுல ஒரு பாகம்தான். ரெண்டுக்கும் ஒரே சொல்ல போட்டுராதீங்க.

*

ஐயா,

"எளிதில்" கழண்டு விழுந்தது என் தப்புதான், ஒப்புக்கறேன். எளிதில் எட்டும், எளிதில் எட்டாத, பெயர் வேணும்ங்கிற இடத்துல "எளிதில் எட்டாமை". தமிழ்ல எதிர்மறைத் தொழிற்பெயர் இவ்வளவு சுளுவா வருதுங்கிறது நமக்கு லாபம், இங்கிலீஷ்ல ரெண்டு எதிர்மறை, மூணு எதிர்மறைன்னு அடுக்கி எழுதி நாக்கு சுளுக்கிக்குது.

ஆளுக்கு "துறை பழகியவர்"னு வச்சா? வல்லமை இல்ல, கத்துக்குட்டியும் இல்ல, கை பழகினவர். இதோட சேத்து இன்னொன்னும் கண்ணுல பட்டுது, பாத்திரத்த லேத்துல கடையறப்ப அத இறுக்கிப் பிடிக்கிற ஒரு அமைப்பப் பத்தி 1978ல நம்ம சுப்ரீம் கோர்ட் குடுத்த பிஷ்வநாத் பிரசாத் தீர்ப்புல, வெறும் வொர்க்‌ஷாப் இம்ப்ரூவ்மென்ட்டுக்கெல்லாம் உரிமை கிடையாதுன்னு வருதில்ல, அத "பட்டறைத் திருத்தம்"னே சொல்லலாம். பட்டறையில கை பழகினவன் போற போக்குல பண்ற திருத்தம். நம்ம பெயின்ட்டும் ஸ்பிரிங்கும் அதுல அழகா உக்காருது.

கவசத்தையும் முடிச்சுருவோம். ஷீல்டிங்குக்கு சிலர் "காப்பு"ன்னு எழுதறாங்க, வேணவே வேணாம், இன்சுலேஷன் ஏற்கனவே மின்காப்பு, பேட்டன்ட்டே காப்புரிமை (அதையே காபிரைட்டுக்கும் போட்டுக் குழப்பறது தனிச் சண்டை, இன்னொரு நாளைக்கு), ஒரே பத்தியில மூணு காப்பு வந்தா கையில கட்டிக்கத்தான் லாயக்கு. கவசமே இருக்கட்டும்.

எல்லாத்தையும் சேத்து அந்த வாக்கியத்த திருப்பி எழுதிப் பாத்தேன்:

"கோரிக்கை 1, 2: கவசப் பூச்சும் அதன் இணைப்பும் துறை பழகியவருக்கு எளிதில் எட்டும் பட்டறைத் திருத்தங்களே, எனவே ஏற்கப்படவில்லை. கோரிக்கை 3: கவசத்தின் கீறலையே ஆன்டெனாவாக்கியது எளிதில் எட்டாதது, முந்தைய ஆவணங்கள் கீறலைத் தவிர்க்கவே சொல்கின்றன."

கடைசி வரிய நான் கொஞ்சம் தாராளமா எழுதிட்டேன்னு தெரியும். கவசக்காரன் புத்தகம் மட்டும்தான் தவிர்னு சொல்லுது, ஆன்டெனாக்காரன் புத்தகம் வெட்டுன்னே சொல்லுது, நம்ம துறை பழகியவர் ரெண்டையும் படிச்சவரான்னு முடிவு பண்ணாம தீர்ப்பு எழுத முடியாது. கருவி செய்யற இடத்துல ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து மேசைங்கிறதால எனக்கென்னமோ ரெண்டையும் படிச்சவர்னுதான் படுது, அப்படிப் பாத்தா மூணாவதும் போயிரும். நீங்க எப்படிப் பாக்கறீங்க?

*

தம்பி, துறை பழகியவர் பிரமாதம், பட்டியல்ல ஏத்திட்டேன். பட்டறைத் திருத்தமும் ஏத்தியாச்சு.

மூணாவது கோரிக்கைய நான் விட்டுக்குடுக்க மாட்டேன். பக்கத்து மேசைதான், ஆனா ஒருத்தன் காலம் பூரா அடைச்சுக்கிட்டே இருக்கான், இன்னொருத்தன் திறந்துக்கிட்டே இருக்கான், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லித்தான் பாத்திருக்கேன். ஆனா அதுக்கு முன்னால, "தவிர்க்கவே சொல்கின்றன"ன்னு வாக்கியமா எழுதினீங்களே, டீச்சிங் அவே, அதுக்கு ஒரு சொல்லு வேணும். "விலக்கிச் சொல்லல்"னு தோணுது, திருப்தியா இல்ல.