மறுமொழி: ஊருக்கு ஏ.இ.டி. மெஷின் – எதை வாங்குவது, எங்கே வைப்பது

அனைவருக்கும் வணக்கம்.

திருவிழாக் கணக்கு இழையில் இந்தப் பேச்சு புதைந்துபோகும் என்பதால் தனி மடலாக எழுதுகிறேன். ஊருக்கு ஏ.இ.டி. (இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி விழுந்தவருக்கு, நெஞ்சு வழியாக மின் ஷாக் கொடுக்கும் மெஷின்) வாங்கவேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் ஷார்ஜா மாமா அனுப்பிய மூன்று மாடல்களில் எது உசத்தி என்று பார்ப்பதற்கு முன், நான்கு வருஷம் கழித்து அதற்குப் பேடும் பேட்டரியும் மதுரையில் யார் தருவார்கள் என்று கேட்டாக வேண்டும்.

நெஞ்சில் ஒட்டுகிற பேடில் உள்ள ஜெல் காலப்போக்கில் காய்ந்துவிடும். மாடலைப் பொறுத்து 2 முதல் 5 வருஷத்துக்குள் மாற்ற வேண்டும். பேட்டரிக்கும் தனியாகக் காலாவதித் தேதி உண்டு. ஹார்ட்சைன் 350பி மாடலில் இரண்டும் ஒரே பெட்டியாக வருவதால், நினைவில் வைக்க ஒரு தேதி போதும். நம் சங்கத்தின் ஞாபகசக்தி தெரிந்ததுதானே, எனக்கு அது பிடித்திருக்கிறது. ஜோல் ஏ.இ.டி. ப்ளஸ் மாடல், விழுந்தவருக்கு முதலுதவியாக (சி.பி.ஆர்.) நாம் நெஞ்சை அழுத்தும் ஆழம் போதவில்லை என்றால் சொல்லும். அது பெரிய உதவி. ஆனால் அதற்குப் பத்து லித்தியம் செல் போட வேண்டும்.

டல்லாஸ் தம்பி பழைய மெஷின் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னதற்கு நன்றி. வேண்டாம்ப்பா. லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்புவதே தொல்லை. வந்து சேர்ந்தாலும் சர்வீஸுக்கு ஆள் தேட வேண்டும்.

தானாகவே ஷாக் கொடுக்கும் ரகம் நல்லது என்று அண்ணன் எழுதியிருந்தார். நான் பட்டன் அழுத்தும் ரகத்துக்கே ஓட்டுப் போடுவேன். நம்ம ஊரில் ஒருவர் விழுந்தால், ஒருத்தர் தலையைத் தூக்கி மடியில் வைப்பார், ஒருத்தர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார், நாலு பேர் காலைத் தேய்ப்பார்கள். எல்லோரும் கையை எடுத்துவிட்டார்களா என்று பார்த்து ஒருவர் அழுத்துவதே பாதுகாப்பு. தப்பாக ஷாக் அடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இதயத் துடிப்பை மெஷினே படித்துப் பார்க்கும். ஷாக்கால் பயன் இருக்கும் துடிப்பு என்றால்தான் பட்டன் வேலை செய்யும். மற்றபடி, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு இது தேவையில்லை, அவருக்கு உடனே 108. சுயநினைவில்லாமல், மூச்சும் சரியாக இல்லாமல் கிடப்பவருக்குத்தான் இது.

அப்படி விழுந்தவருக்கு எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதனால்தான் மெஷினைக் கோயில் அலுவலகத்தில் வைப்பதை எதிர்க்கிறேன். சாவி தர்மகர்த்தா வீட்டில், அவர் காரைக்குடியில். பள்ளிக்கூடம் சாயங்காலம் பூட்டிவிடும். பால் சொசைட்டி விடியற்காலையே திறக்கிறது, பக்கத்திலேயே டீக்கடை, ராத்திரியும் ஆள் நடமாட்டம். அந்தத் திண்ணைச் சுவரில், வெயில் படாத பக்கம், பூட்டில்லாத பெட்டி. பெரும்பாலான மெஷின்களுக்கு 50 டிகிரிதான் உச்சவரம்பு. சித்திரை வெயிலில் மூடிய இரும்பு பீரோவுக்குள் வைத்தால் பேடு சீக்கிரமே வீணாகும். தூசும் தண்ணீரும் உள்ளே போய்க் கெடுக்காதபடி ஐபி55 என்ற பாதுகாப்புத் தரமாவது இருக்கட்டும். இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. திருடு போகும் என்பவர்களுக்கு: பெட்டியைத் திறந்தால் அலாரம் அடிக்கிற மாதிரி வாங்கலாம்.

இன்னொன்று, கூச்சப்படாமல் எழுதுகிறேன். பேடு வெற்றுத் தோலில்தான் ஒட்ட வேண்டும்: ஒன்று வலது காரை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். விழுந்தது பெண் என்றால் ரவிக்கையை வெட்டியாக வேண்டும். அந்த இடத்தில் ஆண்கள் தயங்கி நிற்பார்கள், நேரம் போய்விடும். ஆகவே பயிற்சிக்கு மகளிர் குழுவிலிருந்து பாதிப் பேராவது வரவேண்டும். பெட்டியில் கத்தரிக்கோல், பேடு ஒட்டும் இடத்தில் முடி இருந்தால் மழிக்க ரேஸர், வியர்வை துடைக்கத் துண்டு. தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், பேடு ஒட்டும் இடத்திலிருந்து ஒதுக்கினால் போதும். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி பேடோ சுவிட்சோ உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை அத்தான் இரண்டு டீலர்களிடம் கொட்டேஷன் வாங்கித் தர முடியுமா? மெஷின் விலையோடு எட்டு வருஷத்துக்கான பேடு, பேட்டரி விலையும் எழுத்தில் வேண்டும். தமிழில் பேசும் மாடல் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். மாதம் ஒருமுறை, மெஷின் தயார் என்று காட்டும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து இந்தக் குழுவுக்குப் படம் அனுப்ப, சொசைட்டி செயலாளரிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து, கீழத்தெரு நர்ஸ்