புதுப்பிப்பு: மாடலைத் திருத்தினால் டூல்பாத் (வெட்டும் கருவி செல்லும் பாதை) அறுந்துபோகும் சிக்கல் தீர்ந்தது (பீன்யா, பெங்களூரு)

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. சாலிட் மாடலில் (பாகத்தின் முப்பரிமாணக் கணினி வடிவம்) அளவு மாறும்போதெல்லாம் கேமில் (CAM, எந்திரத்துக்கு வெட்டும் கட்டளைகளைத் தயாரிக்கும் மென்பொருள்) டூல்பாத்தை முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.

ஸ்டெப் கோப்பை (STEP, மென்பொருள்களுக்கு இடையே வடிவத்தைப் பரிமாறும் கோப்பு) விட்டு, மூல மாடலையே கேமில் இணைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஸ்டெப்பில் வடிவம் வரும், ஃபீச்சர் வரலாறு (வடிவத்தைக் கட்டிய படிகள்) வராது. மறுபடி ஏற்றினால் முகங்களும் விளிம்புகளும் கேமுக்குப் புதியவை, பழைய தேர்வு ஒட்டாது. இப்போது பாக்கெட்டின் (பாகத்தில் குடையும் பள்ளம்) ஆழம் 12 மி.மீ.யிலிருந்து 14 ஆனாலும் ரீஜெனரேட் (டூல்பாத்தை மறுபடி கணக்கிடச் செய்வது) போதும். ஃபில்லெட்டை (விளிம்பில் போடும் வளைவு) மட்டும் அழித்துப் புதிதாகப் போடாதீர்கள், அளவைத் திருத்துங்கள்.

எதிர்பாராதது ஒன்று. ஆரிஜின் (அளவுகள் தொடங்கும் பூஜ்யப் புள்ளி) ஸ்டாக்கின் (வெட்டுவதற்கு முந்தைய மூலப்பொருள் கட்டி) மூலையில் இருந்தது. பார்ட் இருபுறமும் சமமாக நீண்டு, 120 மி.மீ.யிலிருந்து 126 ஆனதும் ஸ்டாக்கும் தானாக வளர்ந்து, ஆரிஜின் 3 மி.மீ. நகர்ந்துவிட்டது. ஃபிக்ஸ்சரில் (பார்ட்டைப் பிடித்து வைக்கும் சாதனம்) ஜி54 (எந்திரத்தில் பதிந்துவைத்த பூஜ்யப் புள்ளி) பழைய இடத்திலேயே! பார்ட்டை உட்காரவைக்கும் போரின் (துளையின்) மையத்திலேயே ஆரிஜினை வையுங்கள்.