ஏற்காடு மண்ணு 2.4, நம்ம மேட்டாங்காடு 0.4: மிச்ச கார்பன் எங்கய்யா போச்சு?

மேட்டாங்காட்டான்:
வாழப்பாடி பக்கம் நம்ம காட்டு மண்ணை டெஸ்டுக்கு கொடுத்தேன், அங்கக கரிமம் (இலை தழை, எரு மக்கி மண்ணுல சேர்ற கார்பன்) 0.4 சதவீதம்னு வந்துருக்கு. ஏற்காட்டுல காப்பித்தோட்டம் வச்சிருக்கிற சொந்தக்காரருக்கு 2.4. ஆறு மடங்கு! நம்ம மண்ணும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்திருக்கும், ரோட்டவேட்டர் ஓட்டி ஓட்டி தீர்த்துட்டோம். வேற காரணம் இருந்தா சொல்லுங்க பாப்போம்.

சில்வர்ஓக்:
அண்ணா, அந்த 2.4 சொந்தக்காரன் நான்தான், ஆனா உங்க "இருந்திருக்கும்" தான் இடிக்குது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300க்கும் கீழ. மேல குளிரு, சருகு மெதுவா மக்குது. கீழ இருக்கிற சூட்டுக்கு நுண்ணுயிர் அதை சீக்கிரமே தின்னு காத்துல விட்டுரும். உழாம வனமாவே விட்டிருந்தாலும் உங்க மண்ணு 2.4 தொட்டிருக்கும்னு சொல்ல முடியாது. ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தை உங்க நஷ்டக்கணக்குல எழுதாதீங்க.

மேட்டாங்காட்டான்:
குளிரு சரி, ஒத்துக்கறேன். ஆனா எங்கப்பா காலத்துல பட்டி நிறைய மாடு, வருசா வருசம் குப்பை அடிப்போம், இப்ப ரெண்டே மாடு, மரவள்ளி மேல மரவள்ளி, பத்து மாசத்துல கிழங்கும் குச்சியும் வெளிய போயிருது, ஒரு மழை பேஞ்சு காஞ்சா மேல ஓடு மாதிரி இறுகிக்குது. கண்ணால பாக்கறதுக்கு லேப் எதுக்குங்க?

சில்வர்ஓக்:
குறையலன்னு நான் சொல்லவே இல்லையே, எவ்ளோ குறைஞ்சதுன்னு என் 2.4 சொல்லாதுங்கறேன். சதவீதத்தை மட்டும் வச்சு மடங்கு போடறதும் தப்பு, மண்ணோட எடையும் சேர்த்துப் பாக்கணும். எங்க மண்ணு பொலபொல, ஒரு கன செ.மீ. 1 கிராம், அஞ்சுல ஒரு பங்கு கல்லுன்னு வச்சுக்கோங்க, உங்களது 1.4 கிராம், கல்லே இல்ல. 15 செ.மீ. ஆழத்துக்கு ஹெக்டேருக்கு எனக்கு 28.8 டன் கார்பன், உங்களுக்கு 8.4. ஆறு மடங்கு மூணரையா சுருங்கிடுச்சு.

கண்ணங்குறிச்சி:
சேர்வராயன் மலைத்தண்ணி மேல்மண்ணை அரிச்சுக்கிட்டு எங்க பக்கம் ஏரிக்குத்தான் வருது. அந்த வண்டலை காட்டுக்கு அடிச்சேன், கருகருன்னு, உள்ள பாதி மக்கின இலைக்காம்பு கூட கிடந்துச்சு. மேல குறையறதுல கொஞ்சம் எங்கிட்ட கூடுதே, அதை யார் கணக்குல வைப்பீங்க?

மேட்டாங்காட்டான்:
நாட்டு மரத்தை வெட்டிட்டு வரிசையா சில்வர்ஓக் நட்டது யாரு, அதையும் கேளுங்க :)

சில்வர்ஓக்:
பேரை வச்சே அடிக்கிறீங்க. நியாயம்தான், அந்த இலை லேசுல மக்காது, சும்மா பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். ஆனா கூடுச்சா குறைஞ்சுதான்னு தெரியணும்னா அதே இடம், அதே ஆழம், வருசக்கணக்கா பாக்கணும். கோயம்புத்தூர்ல 1909ல இருந்து ஒரே நிலத்துல உரச்சோதனை நடக்குது. இங்கிலாந்து ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல 1852ல இருந்து 1871 வரைக்கும் எரு போட்டு நிறுத்தின பாத்தியில, எருவே காணாத பாத்தியை விட இன்னமும் கார்பன் கூடத்தான் இருக்கு. உங்கப்பா அடிச்ச குப்பை கொஞ்சம் அந்த 0.4லயே இருக்கும்ணா. ஆமா, சாம்பிள் எங்க எடுத்தீங்க?

மேட்டாங்காட்டான்:
வரப்போரம். வேப்பமரத்தடியில ஒரு குழி.

கண்ணங்குறிச்சி:
மாடு படுக்கிற மரத்தடியிலயே 0.4ன்னா, நடுக்காட்டுல?

மேட்டாங்காட்டான்:
சித்திரை உழவுக்கு முன்னாடி பத்து பன்னண்டு இடத்துல தோண்டி, கலந்து, மறுபடி கொடுக்கறேன். வந்ததும் இங்கயே போடறேன், சிரிக்காதீங்க.