ஊருணி தூர்வார, தண்ணி சோதிக்கிற ஒரு மீட்டரும் யோசனையும் வேணும்

வணக்கம். தொண்டிப் பக்கம் எங்க ஊர் ஊருணியை ஐப்பசி மழைக்கு முன்னாடி தூர்வாரணும். ஊருணிக்கு மழைத்தண்ணி வர்ற வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேல்; தூரோட பிடுங்கலைன்னா மறுபடி துளிர்த்துரும். வண்டல் மட்டும்தான் எடுக்கணும். கடலோர ஊர், ஆழம் கூடினா அடியில இருக்கிற உப்புத்தண்ணி ஏறிடும், அப்புறம் ஊருணியே வீண். அதனால முறை வச்சு தினம் ஒருத்தர் பொறுப்பு: ஆழம் கூடாம அளவுக்கம்பு பார்க்கணும், ஊறுற தண்ணியைச் சோதிக்கணும், அன்னன்னைக்குச் செலவைச் சாயங்காலமே பலகையில எழுதணும். தண்ணி எடுக்கிற பெண்கள் இந்த முறையில கட்டாயம் இருக்கணும். ருசி மாறினா முதல்ல தெரியிறது அவங்களுக்குத்தான்.

டி.டி.எஸ். மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகளை அளக்கிற கருவி) இருக்கிறவங்க ரெண்டு வாரம் இரவல் குடுங்க. குடிதண்ணிக்கு அந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்; வேற வழியில்லாத இடத்துல 2,000 வரை.

முறை வச்சுப் பொறுப்பு மாத்தின ஊர்க்காரங்க சொல்லுங்க: ஆள் வரத்து குறைஞ்சப்போ என்ன செஞ்சீங்க?