நம்ம மெட்ராஸ் பாஷையில ஜோக் வேணும், உதவி பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரத்துல சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றேன். ஆண்டு விழாவுல நகைச்சுவை நிகழ்ச்சி ஒண்ணு இருக்கு. நேரம் இல்லாததால ஏஐ கிட்ட தமிழ்ல ஜோக் கேட்டேன். வந்தது இது: "சோளக்கொல்லை பொம்மைக்கு ஏன் விருது கிடைத்தது? அது தன் வயலில் சிறந்து விளங்கியது." அதை வாசிச்ச பொண்ணு தாளைத் திருப்பிப் பார்த்துட்டு, "அவ்ளோதானாக்கா?"ன்னு கேட்டா.

இது இங்கிலீஷ் ஜோக்கோட மொழிபெயர்ப்பு. அதுல 'சிறந்து விளங்கியது'க்கு வர்ற வார்த்தை 'அவுட்ஸ்டாண்டிங்'; அதுக்குச் சிறந்ததுன்னும் அர்த்தம், வெளியில நிக்கிறதுன்னும் அர்த்தம். தமிழ்ல அந்த இரட்டை அர்த்தம் போயிடுது. 2023ல ஜெர்மனி ஆய்வாளர்கள் சாட்ஜிபிடியை 1,008 ஜோக் சொல்ல வச்சாங்க, அதுவும் இங்கிலீஷ்ல. 90 சதவீதத்துக்கு மேல அதே 25 ஜோக்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. அதுல அதிகமா வந்ததே இந்தப் பொம்மைதான்!

எங்க தெருவுல மீன் விக்கிற ஆயா, "வஞ்சிரம் வாங்கு நைனா, வஞ்சனையே கெடையாது"ன்னு கூவும். அதை ஏஐ கிட்ட இங்கிலீஷ்ல மாத்தச் சொன்னேன், வெறும் மீன் விலை பேசுற மாதிரி ஆயிடுச்சு. நம்ம பேச்சு எழுத்துல கம்மி, ஏஐ எங்க இருந்து கத்துக்கும்?

அதனால காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இருக்கிறவங்க, வீட்டுப் பெரியவங்க சொல்ற ஜோக்கை அவங்க குரல்லயே வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. சாதி, நிறம், உடம்பைக் கிண்டல் பண்றது வேணாம். ஏஐயை மெட்ராஸ் பாஷையில ஒழுங்காப் பேச வச்சவங்க யாராவது இருந்தா, எப்படிக் கேட்டீங்கன்னும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள கிடைச்சா ஒத்திகைக்கு உதவும்.