பென்சிலினுக்கு என்று ஒரு மரபணு இருக்கிறதா? வகுப்பில் வந்த கேள்வி

உயிரியல்_டீச்சர்:
பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மரபணுவிலிருந்து புரதம் எப்படி வருகிறது என்று நடத்தி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "இன்சுலின் புரதம், அதுக்கு மரபணு இருக்கு, சரி. பென்சிலின் புரதமே இல்லையே, அப்போ பூஞ்சை எதைப் பார்த்து அதைச் செய்யுது டீச்சர்?" என்று கேட்டாள். நொதிகள் செய்கின்றன என்று ஒரு வரியில் சொன்னேன், எனக்கே அது போதவில்லை. கூடவே இன்னொன்றும் கேட்டாள்: பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைப் பாக்டீரியாவே தயாரித்தால் அது மட்டும் எப்படிப் பிழைக்கிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

நொதித்தொட்டி:
அருமையான கேள்வி கேட்டிருக்கிறாள். பென்சிலினுக்கு நேரடியாக மரபணு கிடையாது டீச்சர், அதைக் கட்டும் கொத்தனார்களுக்குத்தான் மரபணு.

மூலப்பொருள் மூன்று அமினோ அமிலங்கள். சிஸ்டீன், வேலைன் இரண்டும் உங்கள் பாடத்திலேயே இருப்பவை. மூன்றாவது அமினோஅடிபிக் அமிலம், பூஞ்சை லைசின் தயாரிக்கும்போது இடையில் வருவது, புரதங்களில் சேராதது. இந்த மூன்றையும் ஏ.சி.வி. சிந்தடேஸ் என்ற மிகப் பெரிய நொதி ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. இதில் ரைபோசோமுக்கும் தூது ஆர்.என்.ஏ.வுக்கும் வேலையே இல்லை. எது முதலில், எது அடுத்தது என்ற வரிசை அந்த நொதியின் உடம்பிலேயே இருக்கிறது, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குறிப்பிட்ட அமிலம் மட்டும் உட்காருகிற மாதிரி குழி. மாணவி கேட்ட "எதைப் பார்த்து" என்பதற்கு இதுதான் பதில்.

அடுத்த நொதிதான் எனக்கு மிகப் பிடித்தது. ஐசோபென்சிலின் என் சிந்தேஸ். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு, அது ஓர் ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பிடித்துக்கொண்டு, நீளமாகக் கிடக்கும் அந்தச் சங்கிலியிலிருந்து நான்கு ஹைட்ரஜன்களை உருவி, இரண்டு வளையங்களை அந்த ஒரே இடத்தில் வைத்து மூடிவிடுகிறது. அதில் நான்கு அணு வளையம் வளைத்துக் கட்டிய மூங்கில் போல, எப்போது தெறிக்கலாம் என்று இருக்கும். பாக்டீரியாவின் சுவரைப் பின்னும் நொதி அதைத் தொட்டதும் வளையம் திறந்து அந்த நொதியோடேயே ஒட்டிக்கொள்கிறது. சுவர் வேலை நின்றுபோகிறது, செல் வெடிக்கிறது. பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது, அந்த நொதியே அதற்குக் கிடையாது, அதனால் அதற்குப் பாதிப்பில்லை.

கடைசியில் பெராக்சிசோம் என்ற செல்லின் உள்ளறைக்குள் மூன்றாவது நொதி ஒன்று அமினோஅடிபிக் வாலைக் கழற்றி வேறு வால் மாட்டுகிறது. பூஞ்சை வளரும் தொட்டியில் ஃபீனைல்அசெட்டிக் அமிலம் ஊற்றினால் பென்சிலின் ஜி என்ற வகை கிடைக்கும். இந்த மூன்று நொதிகளின் மரபணுக்களும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. 1943இல் அமெரிக்காவின் பியோரியாவில் ஒரு முலாம்பழத்திலிருந்து எடுத்த பூஞ்சையின் வழிவந்தவைதான் இன்று ஆலைகளில் ஓடுபவை, அவற்றில் அதிகம் சுரப்பவற்றில் அந்தத் துண்டு முழுவதுமே பல நகல்களாகப் பெருகியிருக்கிறது.

ஈரமண்:
பாக்டீரியா பக்கத்தை நான் சொல்கிறேன். ஒரு பாக்டீரியா தயாரிக்கும் எரித்ரோமைசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டுபவை மூன்று ராட்சதப் புரதங்கள், அவற்றில் மொத்தம் ஆறு நிலையங்கள். வளரும் சங்கிலி ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறும்போது ஒவ்வொன்றும் மூன்று கார்பன் துண்டு ஒன்றைச் சேர்க்கிறது, கடைசி நிலையம் தாண்டியதும் புரதத்தின் ஒரு பகுதி அதை அறுத்து வளையமாக்குகிறது. 1990களில் அந்த அறுக்கும் பகுதியை முதல் புரதத்தின் முடிவிலேயே பொருத்திப் பார்த்தார்கள், சங்கிலி இரண்டு நிலையத்தோடு நின்று குட்டி வளையமாக வெளியே வந்தது. வரிசை நொதியிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சரி, அது ஏன் சாவதில்லை? எரித்ரோமைசின் போய் உட்காரும் இடம் ரைபோசோம். அந்தப் பாக்டீரியா தன் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் ஒரே ஓர் அடினைன் மீது மெத்தில் என்ற சிறு வேதித் துண்டை ஒட்டிவைத்திருக்கிறது, மருந்துக்கு உட்கார இடமில்லை. இதற்கான மரபணுவும் எரித்ரோமைசினைக் கட்டும் மரபணுக் கொத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மருந்துக்கு மசியாத நோய்க்கிருமிகள் பலவும் இதே வித்தையைத்தான் செய்கின்றன, அதை வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைத் தயாரிக்கும் பாக்டீரியாவுக்கு வேறு வழி: உள்ளே இருக்கும்வரை மூலக்கூற்றில் ஒரு பாஸ்பேட் மாட்டியிருக்கும், வெளியே போனபின் அது கழன்று மருந்தாகும்.

அப்புறம், ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலர் என்ற மண் பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்தால் சில நாட்களில் நீல நிறம் பரவும், சில கூட்டங்களின் மேல் நீலத் துளிகள் வியர்வை போல நிற்கும். 2002இல் அதன் முழு மரபுத்தொகுதியைப் படித்தபோது இப்படிப்பட்ட மரபணுக் கொத்துகள் இருபதுக்கும் மேல் இருந்தன. ஆய்வகத்தில் பல வாயே திறப்பதில்லை, அவற்றை எழுப்புவதுதான் இப்போது பலருடைய வேலை. மழை பெய்ததும் வரும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினும் இந்தக் குடும்பம் செய்வதே.

உயிரியல்_டீச்சர்:
ரொம்ப நன்றி. மூன்று நிற மணிகளைக் கோத்து, கம்பியை வளைத்து வளையம் போட்டுக் காட்டப் போகிறேன். ரொட்டியில் பூத்த பச்சைப் பூசணத்தையும் கொண்டுவரலாமா?

நொதித்தொட்டி:
மூடிய கண்ணாடிப் புட்டியில் என்றால் கொண்டுவாருங்கள், திறக்க வேண்டாம். பச்சையாக இருப்பதெல்லாம் பென்சிலின் செய்வதல்ல. பென்சிலின் செய்யும் பூஞ்சையின் அதே பேரினத்தில் சில சிட்ரினின், பட்டுலின் மாதிரி நஞ்சுகளைச் செய்கின்றன, கண்ணால் பார்த்து பிரிக்க முடியாது.